முள்ளங்கிக் காயில் விஷம் இல்லை

கண்ணா,

இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள், ஊறுகாய் பாட்டிலுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே செருகி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ அமெரிக்காவில் போய் இறங்கி, பெட்டியைத் திறந்து, படித்து, கோபப்பட்டு, இங்கே இப்போது எத்தனை மணி என்று கணக்குப் பார்த்து, என்னைக் கூப்பிடுவதை நாலு நாள் தள்ளிப்போட்டு, அதற்குள் கோபம் பாதி ஆறியிருக்கும். உன் அப்பாவின் மூளை இப்படித்தான் வேலை செய்யும். எட்டு வருஷமாக இப்படித்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது. இன்று மத்தியானத்தோடு அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. அதனால் இதை உன் மேஜைமேல் வைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். ஆபீஸிலிருந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, உட்கார்ந்து படி. அம்மா எங்கே என்று தேடாதே. அவள் எங்கே போயிருக்கிறாள் என்பது இதிலேயே வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ கிளம்புவதற்கு முன்னால் யார் யார் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வர வேண்டும் என்று அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். மந்தைவெளி பெரியப்பா, தி.நகர் சித்தி, உன் கணக்கு வாத்தியார். "நங்கநல்லூர்" என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தி உன்னைப் பார்த்தாள். நீ டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "அங்க மட்டும் என்னைக் கூப்பிடாதீங்கம்மா. அந்த அம்மாவால எனக்கு ஒரு வருஷம் போச்சு. உயிரே போயிருக்கும்." அத்தை என்றுகூட நீ சொல்லவில்லை. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிற யாரையோ சொல்வதுபோல 'அந்த அம்மா' என்றாய். அம்மா அந்தப் பெயரின் மேல் கோடு போட்டு அடித்தாள். நான் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். என் கையில் பேப்பர் படபடத்தது. காற்றில்தான் ஆடுகிறது என்று நினைத்து நீ எழுந்துபோய் ஃபேன் வேகத்தைக் குறைத்தாய்.

அந்த அம்மா என் கூடப்பிறந்த அக்கா. என்னைவிட ஆறு வயது பெரியவள். கல்யாணம் ஆகி இருபது வருஷம் ஜெய்ப்பூரில் குடித்தனம் நடத்தினாள். குழந்தை இல்லை. அத்திம்பேர் மாரடைப்பில் போன பிறகு, இரண்டு டிரங்குப் பெட்டியோடு அடையாற்றில் நாம் அப்போது வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. அழுதுகொண்டு மூலையில் உட்காருகிற ஜாதி இல்லை அவள். வந்த மறுநாளே சமையலறை டப்பாக்களை இடம் மாற்றி வைத்து உன் அம்மாவின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள். கோபம் வந்தால் ஹிந்தியில் திட்டுவாள். நமக்குப் புரியாது என்கிற தைரியத்தில் முழு மனதோடு திட்டுவாள். நாற்பத்தைந்து வயதில், ஆபீஸில் பன்னிரண்டு பேருக்கு மேலதிகாரியாக இருந்த எனக்கு, அவள் வாய்க்கு மட்டும் பயம். இதை ஞாபகம் வைத்துக்கொள். நடந்தது எல்லாவற்றுக்கும் ஆரம்பம் இந்த அற்பப் பயம்தான்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றில், கைக்குட்டையில் முடிந்து முள்ளங்கி விதை கொண்டுவந்திருந்தாள். நமக்கு முள்ளங்கி என்றால் கிழங்கு, சாம்பார். செடி பூத்துவிட்டால் கிழங்கு சக்கையாகிவிடும், பிடுங்கி மாட்டுக்குப் போடுவோம். அக்காவுக்குச் செடி பூத்த பிறகுதான் வேலையே ஆரம்பம். காய்க்காகவே வளர்க்கிற ரகம் அது. ஜெய்ப்பூரில் அந்தக் காய்க்கு மோக்ரி என்று பெயராம். மழை ஓய்ந்ததும் கிணற்றடிக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவில் இருந்த இடத்தைக் கொத்தி விதைத்தாள். ஜனவரியில் தண்டு இடுப்பளவுக்கு எழும்பி, வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து நின்றது. தேனீ மொய்த்தது. ஒற்றைச் செடி எவ்வளவு பூத்தாலும் காய் பிடிக்காது, நாலைந்து செடியாவது கூட நின்று பூக்க வேண்டும் என்பாள். அப்புறம் மெல்லிய பச்சை மிளகாய்போலக் காய்கள் வந்தன. பென்சில் கனம் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும், இரண்டு நாள் விட்டால் நார். பறிக்கப் பறிக்கத்தான் மேலும் காய்க்கும். உருளைக்கிழங்கோடு சீரகம் போட்டு அவள் வதக்கினால் தெருமுனை வரைக்கும் வாசனை போகும். உன் அம்மாகூட இரண்டாம் வருஷத்தில் தேங்காய் துருவிப் போட்டுப் பொரியல் செய்ய ஆரம்பித்துவிட்டாள். நீ சமைப்பதற்கெல்லாம் காத்திருக்க மாட்டாய். பச்சையாக, உப்பைத் தொட்டுக்கொண்டு, கறுக் கறுக்கென்று கடித்தபடி பாடம் படிப்பாய். அதனால்தான் அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தாள்: செடிமேல் எந்த மருந்தும் படக் கூடாது. பூச்சி வந்தால் அடுப்புச் சாம்பல், இல்லாவிட்டால் துணி சோப்புக் கரைத்த தண்ணீர். "பச்சையாத் திங்கற புள்ள இருக்கான், ஞாபகம் இருக்கட்டும்" என்று என்னிடமே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்.

நீ பத்தாவது படித்த வருஷம் வடக்கேயிருந்து எங்கள் ஆபீஸுக்கு ஓர் அதிகாரி மாற்றலாகி வந்தார். ஒரு நாள் என் டிபன் பாக்ஸைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "மோக்ரி! மெட்ராஸ் மே மோக்ரி!" என்று கத்திவிட்டு என் டப்பாவிலிருந்தே விரலால் எடுத்துத் தின்றார். அதுவரை என் பெயர்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது. மறுநாளிலிருந்து காரிடாரில் பார்த்தால் தோளில் தட்டினார். என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேஜைக்குப் போகிற நேரம் அது. அவருடைய அம்மா ஊரிலிருந்து வரப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும், யாரும் கேட்காமலே நான் வாயை விட்டேன்: "சார், அம்மா வந்ததும் ஒரு கூடை மோக்ரி நான் கொண்டுவர்றேன்." அக்கா வளர்த்த செடி, அக்கா பறிக்கிற காய். வாக்குக் கொடுத்தவன் நான். கண்ணா, போகிற இடத்தில் உன் மேலதிகாரிக்கு உன் வேலையைக் காட்டு, போதும். வீட்டில் விளைந்ததைக் காட்டாதே.

நான் வாயை விட்ட நேரமோ என்னவோ, அடுத்த வாரமே செடியில் அசுவினி விழுந்தது. கொழுந்து முழுக்கச் சாம்பல் நிறத்தில் பொடிப் பூச்சி. பிஞ்சுகள் சுருண்டன. அக்கா நிதானமாகச் சோப்புத் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள். "போனா போகுது, பாதி நமக்கு, பாதி பூச்சிக்கு" என்றாள். எனக்கு அந்தப் பாதி போதாது. ஆபீஸில் மதுராந்தகம் பக்கம் நிலம் வைத்திருக்கிற ஒரு சிநேகிதர், வயலுக்கு அடிக்கிற மருந்தை இருமல் மருந்து பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சார், அடிச்சிட்டா பத்து நாளைக்கு ஒரு காயை வாயில வெக்கக் கூடாது. கழுவினாலும் போகாது, உள்ளயே எறங்கிடும். வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க." நான் தலையை ஆட்டினேன். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதிகாரியின் அம்மா வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பத்து நாள் போனால் பறித்துக் கொடுக்கலாம் என்று விரல்விட்டு எண்ணினேன்.

அன்று சனிப் பிரதோஷம். அம்மாவும் அக்காவும் மயிலாப்பூர் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நீ டியூஷனில் இருந்தாய். வீட்டில் நான் தனி. வாளியில் மருந்தைக் கலந்து, துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற குப்பியால் ஒரு செடி விடாமல் அடித்தேன். வாளியை மூன்று முறை கழுவினேன், பாட்டிலைத் தெருக்கோடியில் போய் வீசினேன். திருடனுக்கு இருக்கிற ஜாக்கிரதை எல்லாம் எனக்கும் இருந்தது. அவர்கள் திரும்பி வந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அக்கா குங்குமப் பிரசாதத்தை என் நெற்றியில் வைத்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். "என்னடா ஏதோ நாத்தம் அடிக்குது?" என் வாயிலிருந்து, நான் யோசிக்காமலே, வந்துவிட்டது: "கொசுவுக்குப் புகை போட்டுட்டுப் போனாங்கக்கா." அவள் நம்பினாள். அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னால், மருந்து அடித்ததற்கு ஒரு திட்டு, பொய்க்கு ஒரு திட்டு என்று இரண்டாக வாங்க வேண்டும். அவள் சாயந்திரம்தானே காய் பறிப்பாள், நாளைக்குச் சொன்னால் போயிற்று என்று விட்டேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் பாண்டி பஜாருக்குக் கிளம்பினேன். உன் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. உனக்கு நல்ல பேனா இரண்டு, எழுதுகிற அட்டை ஒன்று வாங்க வேண்டும். சைக்கிளை எடுக்கும்போது அக்கா கிணற்றடியில் இருந்தாள். கூப்பிட்டுச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று போனேன். பதினொரு மணிவாக்கில், கொறிக்க ஏதாவது வேண்டும் என்று நீ கேட்டிருக்கிறாய். அவள் ஒரு கைப்பிடி காய் பறித்து, தண்ணீரில் அலசி, தட்டில் உப்போடு உன் மேஜையில் வைத்திருக்கிறாள். நான் திரும்பி வரும்போது வாசலில் உன் அம்மாவின் குரல் கேட்டது. நீ கூடத்தில் சுருண்டு கிடந்தாய். சட்டை முழுக்க வேர்வை, வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. வாந்தி எடுத்து எடுத்து ஓய்ந்திருந்தாய். தட்டில் நாலு காம்புகள் மட்டும் மிச்சம் இருந்தன. அதைப் பார்த்த நொடியே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இந்த வரியை நீ இன்னொரு முறை படிக்க வேண்டும். எனக்குத் தெரிந்துவிட்டது.

தெருவில் ஓடி ஆட்டோவை மறித்தேன். "இன்னா சார், புள்ளைக்கு இன்னா ஆச்சு? வலிப்பா? அம்மாவ ஏறச் சொல்லு, நீ புள்ளைய மடியில போட்டுக்கோ" என்று ஆட்டோக்காரரே உன்னைத் தூக்கி உள்ளே வைத்தார். ஹாரனை அமுக்கியபடியே போனார். அக்கா பின்னாலேயே இன்னோர் ஆட்டோவில் வந்தாள். பக்கத்தில் இருந்த நர்சிங் ஹோமில் உன்னைக் கட்டிலில் போட்டதும் டாக்டர் கேட்டார்: "காலையிலிருந்து என்ன சாப்பிட்டான்?" இட்லி, காபி, அப்புறம் இந்தக் காய் என்று அம்மா சொன்னாள். "காய்க்குப் பூச்சிமருந்து ஏதாவது அடிச்சீங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நிமிர்ந்து நின்று சொன்னாள்: "மருந்தே கிடையாது டாக்டர். சாம்பலும் சோப்புத் தண்ணியும்தான். பச்சையாத் திங்கறான்னு நான் கண்ணும் கருத்துமா பாத்துப்பேன்." டாக்டர் என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள், நீயும் சொல்லு என்பதுபோல. நான் சொன்னேன்: "இல்ல டாக்டர்."

சாப்பிட்டது ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்து அவர் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொன்னார். நான் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். தானாகச் சரியாகிவிடும், கொஞ்சம்தானே தின்றான், இளம் உடம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கன்னத்துச் சதை துடிக்க ஆரம்பித்தது. மூச்சு கரகரவென்று வாங்கியது. நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண்மணி குண்டூசி முனை மாதிரி சுருங்கியிருக்கிறது என்று டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அப்போதுதான் எனக்குக் கால் அசைந்தது. மாடிப்படியில் டாக்டரை மறித்து, யாரும் கேட்காத குரலில், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் சட்டையைப் பிடிக்காத குறை. "படிச்சவர்தானே நீங்க? நான் கேட்டப்பவே சொல்றதுக்கு என்ன? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா?" என்றபடி ஓடினார். நான் இல்லை என்று சொன்னதற்கும் ஆமாம் என்று சொன்னதற்கும் நடுவில் நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் உன் உயிர் என் வாய்க்குள் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஊசி மேல் ஊசி போட்டார்கள். அந்த மருந்தின் வேகத்தில் முகம் சிவந்து, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு நாள் நீ சரித்திரப் பாடத்தை ஒப்பித்தாய். அதைக் கேட்டு அம்மா அழுததைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் நீ கண் விழித்து என்னை அடையாளம் கண்டுகொண்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். டாக்டரிடம், வீட்டில் தெரிய வேண்டாம், பெண்கள் பயந்துவிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அம்மாவிடம் வந்து, "டாக்டரே சொல்றார், அந்தக் காயிலேயே ஏதோ விஷம் இருக்குதாம். நம்ம ஊர் மண்ணுக்கு அப்படி ஆயிடுமாம்" என்றேன். அடுத்தடுத்த பொய்க்கு யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

நாலாம் நாள் மாற்றுத் துணி எடுக்க நானும் அம்மாவும் வீட்டுக்கு வந்தோம். அக்கா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். குளித்திருக்கவில்லை. அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அம்மா கொட்டினாள். "ஊர்ல இல்லாத காயைக் கொடுத்து என் புள்ளைய என்ன பண்ணிட்டீங்க அண்ணி? உங்களுக்குப் புள்ள இருந்தா தெரியும்." அந்தக் கடைசிச் சொல்லுக்கு அக்காவின் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். அவள் எழுந்தாள். "இருபது வருஷம் இதைத்தான் தின்னேன். விஷமா இல்லையான்னு இப்ப உன் கண்ணெதிர்ல தின்னு காட்டறேன், பாரு." செடியில் கையைவிட்டு ஒரு கொத்தை உருவி வாய்க்குக் கொண்டுபோனாள். மருந்து அடித்து ஐந்து நாள்கூட ஆகவில்லை. நான் பாய்ந்து தட்டிவிட்டேன். காய்கள் கல்மேல் சிதறின. என் கை அவள் வாயில் பட்டு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. "திங்காதே, நான் மருந்து அடிச்சிருக்கேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குப் பதிலாக நான் கத்தினேன்: "போதும்! உன்னால பட்டதெல்லாம் போதும்! இதோட நிறுத்து!" அக்கா உதட்டைத் துடைத்துக்கொண்டு கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை ஹிந்தியில்கூடத் திட்டவில்லை.

மறுநாள் காலை அவள் பெட்டிகளோடு போய்விட்டாள். நங்கநல்லூரில் தெரிந்தவர் வீட்டில் ஒரு போர்ஷன் பிடித்துக்கொண்டாள். நான் செடிகளை வேரோடு பிடுங்கி ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அம்மா உன்னிடம் நடந்ததை அவளுக்குத் தெரிந்தபடி சொன்னாள்: "உனக்காக அப்பா அத்தையைக் கை நீட்டி அடிச்சிட்டார்டா." நீ என்னைப் பெருமையாகப் பார்த்தாய். பதினைந்து வயதுப் பையன், அப்பா தனக்காகச் சொந்த அக்காவையே அடித்தார் என்று. அந்தப் பார்வையை நான் வைத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. நீ பரீட்சை எழுத முடியாமல் அக்டோபரில் எழுதினாய், உன் கூட்டாளிகள் ஒரு வருஷம் முன்னால் போனார்கள், நீ ஒவ்வொரு முறை அதைச் சொல்லி அத்தையைக் கரித்துக்கொட்டியபோதும் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அந்த அதிகாரியிடம் செடி செத்துவிட்டது என்று சொன்னேன். "அச்சா" என்றார், அவ்வளவுதான். பதவி உயர்வு அடுத்த வருஷம் தானாக வந்தது. யாருடைய காயும் தேவைப்படவில்லை.

நீ இப்போது போகிற வேலை, இரண்டாயிரமாம் வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பிப்போகாமல் பார்த்துக்கொள்வது என்கிறாய். எப்போதோ யாரோ ஒருவர் சின்னதாகச் செய்த சோம்பேறித்தனத்தை இப்போது ஆயிரக்கணக்கான பேர் தேடித் தேடித் திருத்துகிறார்கள் என்று நீ அம்மாவுக்கு விளக்கியபோது நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி ஒன்றும் இல்லை. முதல் பொய்யைச் சொன்ன அன்றைக்கே, திட்டு வாங்கிக்கொண்டு, எடுத்துவிடு. எனக்குக் கிடைத்திருக்கக்கூடிய திட்டு அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இன்று காலை நீ கிளம்பிப் போன பிறகு, அம்மா உன் துணிகளை மடித்துக்கொண்டே, "நங்கநல்லூருக்கு நான் மட்டும் ஒரு போன் பண்ணிச் சொல்லிடறேங்க, ஒரு மரியாதைக்கு" என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், இதில் எழுதியிருக்கிற வரிசையிலேயே. அவள் மடித்த சட்டையைக் கையில் வைத்தபடியே நின்றாள். கடைசியில் கேட்டாள்: "டாக்டர் முதல்ல கேட்டப்ப நான் பக்கத்துலதானே நின்னேன்?" ஆமாம் என்றேன். "என் புள்ள மூச்சுக்குத் தவிச்சிட்டிருந்தான். நீங்க இல்லன்னு சொன்னீங்க." உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து செருப்பை மாட்டினாள். நானும் வருகிறேன் என்றேன். "வேண்டாம்" என்றாள். சைதாப்பேட்டையில் ரயில் ஏறி, பழவந்தாங்கலில் இறங்கி, இந்த வெயிலில் தனியாகப் போயிருக்கிறாள்.

ஒரு மணிக்குப் போன் வந்தது, அங்கே ஏதோ டெலிபோன் பூத்திலிருந்து. "அண்ணி கால்ல விழுந்துட்டேன்" என்றாள் அம்மா. "என்னைத் தூக்கி உட்கார வெச்சாங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. 'அப்ப அது நான் இல்லையா?'ன்னு." கண்ணா, என் அக்கா தைரியசாலி, நான் பொய் சொல்கிறேன் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கும், என்னைச் சபித்துக்கொண்டு நிம்மதியாக இருப்பாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. டாக்டரே சொன்னார் என்று நான் சொன்னதை அவள் நம்பியிருக்கிறாள். விதை கெட்டுப் போயிருக்குமோ, தான் சரியாக அலசவில்லையோ, சாம்பலில் ஏதாவது கலந்திருந்ததோ என்று எட்டு வருஷம் யோசித்திருக்கிறாள். பக்கத்து போர்ஷன் குழந்தைகள் அவளிடம் ஓடி வருமாம். கடையில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டைத்தான் பிரிக்காமல் கொடுப்பாளாம். தன் கையால் செய்த எதையும் எந்தக் குழந்தைக்கும் கொடுப்பதில்லையாம். அந்த வீட்டுக்காரி, 'இவங்க பெரிய சுத்தக்காரம்மா' என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

நான் இப்போதே கிளம்பி வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, பூத்திலிருந்து மறுபடி கூப்பிட்டுச் சொன்னாள்: "முதல்ல புள்ளைகிட்ட அவன் சொல்லட்டும், அப்புறம் வரட்டும்ங்கறாங்க." அதனால்தான் இந்தக் கடிதம். வாயால் சொல்ல ஆரம்பித்தால் உன் முகத்தைப் பார்த்து நடுவில் எங்கேயாவது வளைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நீ இதைப் படித்து முடித்ததும் என்னை என்ன கேட்டாலும் உட்கார்ந்து பதில் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சரி. வியாழக்கிழமை விமான நிலையத்துக்கு நான் வரலாமா வேண்டாமா என்பதை நீயே சொல்லு. வேண்டாம் என்றால் அம்மாவிடம் ஒரு காரணமும் சொல்ல வேண்டியிருக்காது, அவளுக்குப் புரியும்.

நாளைக் காலையில் நீ நங்கநல்லூருக்குப் போக வேண்டும். எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நீ இல்லை. நான் அப்புறம் போகிறேன், அவள் என்ன செய்கிறாளோ செய்யட்டும். நீ வீட்டில் காபிகூடக் குடிக்காமல் கிளம்பு. அவள் உன்னைப் பார்த்ததும் தடுமாறுவாள், கடையில் வாங்கி வைத்த எதையாவது தட்டில் கொண்டுவந்து நீட்டுவாள். அதைத் தொடாதே. நேராக அடுப்படி வாசலில் போய் உட்கார்ந்து, "அத்தை, பசிக்குது. உங்க கையால ஏதாவது செஞ்சு குடுங்க" என்று கேள். அவள் பயப்படுவாள், வேண்டாம் என்பாள், அழுவாள். நீ எழுந்திருக்காதே. அவள் செய்து போடுகிற வரைக்கும் உட்கார்ந்திரு.

அப்பா